கோபுரத்தின் சொல்லும் விமானியின் பொறுப்பும்

ஆகாய விமானத்தை ஓட்டுபவர் ஒருவர். தரையிலிருந்து அவருக்கு வழி சொல்பவர் மற்றொருவர். இவ்விருவருக்குமிடையே அபிப்பிராய பேதம் நேருங்கால் யார் சொல் நிற்க வேண்டும், யார் தலையில் பழி விழவேண்டும் என்னும் கேள்வி, மலைகள் சூழ்ந்த நிலையங்களில் எத்தனையோ உயிர்களைப் பலி கொண்டிருக்கிறது. புதுக்கோட்டை ஜில்லாவில் விமான நிலையம் இல்லை. நாம் பெருமையுடன் மலையென்று அழைக்கும் நார்த்தாமலையும் குடுமியான்மலையும் விமானத்தின் கண்ணுக்கு வெறும் குன்றுகளே. அப்படியிருக்க இவ்விஷயத்தைப் பற்றி நாம் எழுதப் புகுந்தது ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. சிங்கப்பூருக்கும், மலேசியாவுக்கும், வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போகும் நம் ஜில்லாவாசிகள் அங்கிருந்தே புறப்படுகிறார்கள். அவர்கள் பறக்கும் விமானங்களே கோழிக்கோட்டிலும் மங்களூரிலும் மலையுச்சிப் பாதைகளில் இறங்குகின்றன. ஒரே சட்டம், ஒரே இலாகா, ஒரே வழக்கம்.

2024ஆம் வருஷம் அக்டோபர் 11ந் தேதி மாலை, திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு பழுதுபட்டது. 140க்கு மேற்பட்ட பிரயாணிகளைச் சுமந்துகொண்டு அது இரண்டு மணி நேரத்திற்கு மேல் புதுக்கோட்டை வட்டார வானத்தில் சுற்றிச் சுற்றி வந்ததை ஜனங்கள் கலக்கத்துடன் அண்ணாந்து பார்த்தனர். எரிபொருளைக் குறைத்துக்கொண்டு இறங்குவது என்று விமானி தீர்மானித்தார். கோபுரத்திலிருந்தவர்கள் அதற்கேற்ப வானத்தை ஒதுக்கிக் கொடுத்து, தரையில் தீயணைப்பு வண்டிகளையும் வைத்திய வண்டிகளையும் நிறுத்தினர். இரவு எட்டு மணிக்குமேல் விமானம் பத்திரமாக இறங்கியது. இருவரும் ஒரே செய்தியை அறிந்து, ஒரே முடிவை நோக்கி வேலை செய்தால் நடப்பது இதுவே.

ஆறு வருஷங்களுக்கு முன் அதே நிலையத்தில் நடந்தது வேறு விதம். 2018ஆம் வருஷம் அக்டோபர் 12ந் தேதி நள்ளிரவு கடந்து, துபாய்க்குக் கிளம்பிய விமானம் போதிய உயரம் எழாமல், ஓடுபாதைக்கு அப்பாலிருந்த வழிகாட்டிக் கருவியின் கம்பங்களையும் நிலையத்தின் சுற்றுச் சுவரையும் அடிவயிற்றால் இடித்துக்கொண்டு சென்றது. உள்ளே 130 பிரயாணிகளும் 6 சிப்பந்திகளும் இருந்தனர். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கையில் தலைமை விமானியின் ஆசனம் திடீரெனப் பின்சாய, எஞ்சின்களின் விசை அறியாமலே குறைக்கப்பட்டது என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. நமக்கு இங்கு முக்கியம் அதன் பிறகு நடந்ததேயாகும். விமானம் சுவரில் பட்டிருக்கலாம் என்று கோபுரம் விமானிக்கு அறிவித்தது. தமது கருவிகளெல்லாம் சரியாகவே காட்டுகின்றன என்று அவர் பதில் சொல்லி மேலே சென்றார். அரபிக்கடலின் மேல் வெகுதூரம் போன பிறகே விமானத்தை மும்பைக்குத் திருப்பும் முடிவு ஏற்பட்டு, விடியற்காலையில் அங்கே இறங்கியது. அடிப்பாகம் கிழிந்திருந்தது.

சுவர் இடிந்து கிடந்ததைத் தரையிலிருந்தவர்கள் கண்ணால் காண முடியும். தம் விமானத்தின் வயிற்றை விமானி காண முடியாது. கண்டவருக்கு அதிகாரமில்லை, அதிகாரமுடையவர் காணவில்லை. 136 உயிர்கள் சுமார் நான்கு மணி நேரம் இந்த இடைவெளியிலே தொங்கின. கடவுள் கிருபையால் தப்பினர் என்று சொல்லிவிட்டு அன்று எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டனர்.

விமானத்தின் விஷயத்தில் இறுதி அதிகாரம் தலைமை விமானிக்கே உண்டு என்பது 1944ல் சிகாகோ நகரில் தேசங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தழுவிய விதி. இது நியாயமான விதியே. கோபுரத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பிழை செய்தால் வேலை போகலாம். விமானத்தில் அமர்ந்திருப்பவருக்கு உயிரே போகும். ஆனால் அதே விதிக்கோவையில், சாதாரணப் பிரயாணி கேட்டால் திடுக்கிடக்கூடிய மற்றொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஒரு விமானம் மற்றொரு விமானத்தோடு மோதாமல் காப்பது கோபுரத்தின் கடமை. மலையோடு மோதாமல் காப்பது பொதுவாக அதன் கடமையல்ல. ராடாரைப் பார்த்துக் கோபுரமே திசை சொல்லி விமானத்தை நடத்தும் சமயங்களில் மட்டும் அப்பொறுப்பு கோபுரத்தைச் சேரும். மற்ற வேளைகளில், இறங்கலாம் என்று அனுமதி வந்தாலும், அந்த உயரத்தில் மலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர் விமானியே. காகிதத்தில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. மேகத்துக்குள்ளே, மழையிலே, இரைச்சலின் நடுவே, இறங்கலாம் என்ற சொல் காதில் விழும்போது, கீழே இருப்பவர் எல்லாவற்றையும் பார்த்துத்தானே சொல்கிறார் என்று நம்புவது மனித சுபாவம்.

இந்த நம்பிக்கையின் விலையை 1974ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தின் முதல் வாரம் உலகத்துக்குக் காட்டிற்று. டிசம்பர் 1ந் தேதி அமெரிக்காவில் வாஷிங்டனை நோக்கி வந்த டிரான்ஸ் வேர்ல்ட் கம்பெனியின் 514ஆம் எண் விமானத்துக்கு, நிலையம் இன்னும் வெகுதூரத்திலிருக்கும்போதே இறங்குமுகமாக வர அனுமதி கொடுக்கப்பட்டது. வழியில் மலை இருக்கிறது. 3,400 அடிக்குக் கீழே போகக்கூடாதென்று விமானிகளின் கையிலிருந்த படமும் காட்டிற்று. அதைப் பற்றி அவர்கள் தமக்குள் பேசியும் கொண்டனர். அனுமதி கிடைத்துவிட்டதால் தாழலாம் என்றே முடிவு செய்தனர். தாழ்வதும் தாழாததும் விமானியின் பாடு என்று கோபுரத்தில் எண்ணினர். விமானம் மவுண்ட் வெதர் என்னும் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். விசாரித்த ஐவர் கொண்ட சபையே ஒருமனப்படவில்லை. அனுமதி என்ற ஒரே சொல்லுக்கு இருவர் இரண்டு பொருள் கொண்டனர் என்பதே உண்மை.

மூன்று நாட்கள் கழித்து, டிசம்பர் 4ந் தேதி இரவு, இந்தோனேஷியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கி வந்த மார்ட்டினேர் விமானம் மஸ்கெலியாவுக்கருகே சப்தகன்னியர் மலையில் மோதிற்று. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டப் பிரதேசம் அது. கட்டுநாயக நிலையத்தை நெருங்கிவிட்டதாக விமானிகள் நம்பினர். உண்மையில் நிலையம் இன்னும் பல மைல்களுக்கு அப்பால் இருந்தது. அவர்கள் சொன்ன இடத்தில்தான் விமானம் இருக்கிறது என்று தரையிலிருந்தவர்களும் கொண்டனர். விமானி தம் இடத்தைத் தவறாகச் சொன்னால் அதைச் சோதித்துப் பார்க்கும் கண் தரையில் இருக்க வேண்டாமா?

அப்படிப்பட்ட கண் இல்லாத நிலையங்களில் முதன்மையானதாக வெகுகாலம் இருந்தது காட்மாண்டு. நாலாபுறமும் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு அது. 1992ல் அங்கு ராடார் கிடையாது. அவ்வருஷம் ஜூலை 31ந் தேதி தாய்லாந்து விமானம் ஒன்று, இறங்கும் சமயத்தில் இறக்கைத் தகடுகள் மக்கர் செய்ததால் திரும்பிச் சென்று மறுபடி வர வழி கேட்டது. கோபுரத்தில் இருந்தவர் அனுபவம் போதாத பயிற்சிக்காரர். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் ஆங்கிலம் தாய்மொழியல்ல. விமானி திரும்பத் திரும்பக் கேட்டும் திட்டமான பதில் கிடைக்கவில்லை. உயரமும் தூரமும் பேசப்பட்டன. விமானம் எந்தத் திசையை நோக்கிப் போகிறது என்பது இருபுறமும் தெளிவாகவில்லை. 11,500 அடி என்பது தெற்கே பத்திரமான உயரம். வடக்கே அது மரணம். விமானம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. 113 பேர் இறந்தனர். இரண்டு மாதங்களுக்குள், செப்டம்பர் 28ந் தேதி, பாகிஸ்தான் விமானமொன்று படிப்படியாகத் தாழவேண்டிய வழியில் ஒரு படி முன்னதாகவே தாழ்ந்து மலையில் மோதி 167 பேர் மடிந்தனர். விமானிகள் சொன்ன உயரம் அந்தத் தூரத்துக்குரிய உயரமன்று. கோபுரம் அதைக் கேட்டது, ஆட்சேபிக்கவில்லை.

பின்னர் அங்கு ராடார் வந்தது, குழப்பம் போகவில்லை. 2018ஆம் வருஷம் மார்ச் 12ந் தேதி டாக்காவிலிருந்து வந்த யு.எஸ். பங்களா விமானத்தின் கதை அதற்குச் சாட்சி. ஒரே ஓடுபாதைக்குத் தெற்கு முனை '02', வடக்கு முனை '20'. எந்த முனையில் இறங்குவதென்று விமானியும் கோபுரமும் மாறி மாறிப் பேசிய பேச்சின் ஒலிப்பதிவு வெளியானபோது, கோபுரமே குற்றவாளி என்று கம்பெனி கூறிற்று. விமானியே குற்றவாளி என்று நிலையத்தார் கூறினர். தலைமை விமானி மனக் கொந்தளிப்பினால் நிதானம் இழந்திருந்தார் என்று விசாரணைக் கமிஷன் கண்டது. ஏறியிருந்த 71 பேரில் 51 பேர் இறந்தனர். விமானியின் குரலிலேயே தடுமாற்றம் கேட்கும்போது, முனையைப் பற்றிய பேச்சை நிறுத்தி, முதலில் உயர ஏறிப் போ என்று ஏன் திடமாகச் சொல்லக்கூடாது என்பதே நமது கேள்வி.

அயல்நாட்டுக் கதை போதும். நம் வீட்டுக்கு வருவோம். மங்களூர் நிலையம் மலையுச்சியைச் சமன் செய்து அமைத்தது. மூன்று புறமும் பள்ளம். 2010ஆம் வருஷம் மே 22ந் தேதி காலை துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து எரிந்து, 166 பேரில் 158 பேர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைமை விமானி வழியில் வெகுநேரம் உறங்கினார், இறங்குவதைக் கைவிடச் சொல்லித் துணை விமானி எச்சரித்தும் கேட்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஊரறியாத விஷயம் ஒன்றுண்டு. விபத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே மங்களூர் ராடார் பழுதாகியிருந்தது. ராடார் இல்லாதபோது விமானங்களுக்கிடையே அதிக இடைவெளி வைத்துத்தான் நடத்த முடியும். ஆகையால், விமானி இறங்க விரும்பிக் கேட்டபோது அனுமதி மறுக்கப்பட்டு, வழக்கத்தைவிட நிலையத்துக்கு வெகு அருகில் வந்த பிறகே கிடைத்தது. உயரம் அதிகம்; மீந்த தூரம் குறைவு. அதை ஈடுகட்டிக்கொள்ளத் திட்டமிட வேண்டியது விமானியின் கடமை, அவர் அதைச் செய்யவில்லை என்று விசாரணை மன்றம் கூறியது சரியே. ராடார் பழுதானதால் இறக்கம் தாமதித்ததையும் துணைக் காரணமாக அம்மன்றமே எழுதி வைத்தது. ஆயினும் விமானியின் உறக்கம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ராடாரின் உறக்கத்தைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

கோழிக்கோட்டின் கதை இன்னும் வருத்தத்திற்குரியது. 2020ஆம் வருஷம் ஆகஸ்டு 7ந் தேதி இரவு, கொரோனா நாட்களில் துபாயிலிருந்து நம்மவர்களை ஏற்றி வந்த விமானம், கொட்டும் மழையில் ஒருமுறை இறங்க முயன்று முடியாமல் மேலே ஏறிற்று. அச்சமயம் புறப்படக் காத்திருந்த மற்றொரு விமானத்துக்காகக் கோபுரம் ஓடுபாதையின் முனையை மாற்றியது. மாற்றிய முனையில் இறங்குவதானால் காற்று பின்னாலிருந்து தள்ளும். நனைந்த பாதை, பின்காற்று, முடிவில் பள்ளம். விமானி ஒப்புக்கொண்டு வந்தார். பாதையில் பாதி தூரம் தாண்டியே சக்கரம் தரையில் பட்டது. துணை விமானி எச்சரித்தும் பயனில்லை. விமானம் பள்ளத்தில் விழுந்து பிளந்து, 190 பேரில் 21 பேர் இறந்தனர். இரு விமானிகளும் அவர்களில் அடங்குவர். விதிப்படி நடவாத விமானியின் செயலே காரணமென்று கூறிய விசாரணை ரிப்போர்ட், கோபுர அதிகாரி பின்விளைவை யோசியாமல் அவசரமாக முனையை மாற்றியதையும், பின்காற்றின் வேகத்தைப் பற்றி எச்சரிக்காததையும் துணைக் காரணங்களில் சேர்த்தது.

மங்களூர், கோழிக்கோடு இரண்டிலும் விமானம் சர்க்கார் கம்பெனியினுடையது, ஓடுபாதை சர்க்காருடையது, கோபுரமும் ராடாரும் சர்க்காருடையவை, விசாரித்தவர்களும் சர்க்கார் நியமித்தவர்களே. 2022ஆம் வருஷம் ஜனவரியில் அக்கம்பெனி டாட்டாவிடம் போய்ச் சேர்ந்தது; கோபுரமும் ராடாரும் விசாரணையும் அப்படியே இருக்கின்றன. விதி இயற்றும் டைரக்டரேட், விபத்தை விசாரிக்கும் பீரோ, கோபுரங்களை நடத்தும் விமான நிலைய அதாரிட்டி ஆகிய மூன்றும் ஒரே மந்திரியின் கீழ் உள்ளவை. ரிப்போர்ட்டுகளை எழுதியவர்களின் நாணயத்தை நாம் சந்தேகிக்கவில்லை. கோபுரத்தின் குறைகளை அவர்கள் மறைக்காமல் எழுதியிருப்பதே அவர்களுக்குப் பெருமை. ஆனால் முதன்மைக் காரணமென்று முடிவில் நிற்பது, பதில் சொல்ல உயிரோடில்லாத ஒருவரின் பெயர். துணைக் காரணம் என்ற தலைப்பின் கீழே போனவற்றுக்கு யார் உத்தரவாதி?

1978ஆம் வருஷம் நவம்பர் 15ந் தேதி கட்டுநாயகத்தில் ஐஸ்லாந்து விமானம் விழுந்து 183 பேர் இறந்தபோது, இலங்கை அதிகாரிகள் விமானிகளைக் குற்றஞ் சொன்னார்கள். ஐஸ்லாந்துக்காரர்களோ நிலையத்தின் வழிகாட்டிக் கருவியையும் ராடார் அதிகாரியையும் குற்றஞ் சொன்னார்கள். இரண்டு தேசங்கள் சம்பந்தப்பட்டதால் இரண்டு வாதங்களும் வெளிவந்தன. இரண்டு பக்கமும் நாமாகவே இருக்கும்போது இரண்டாவது வாதத்தை எடுத்துச் சொல்ல யாரிருக்கிறார்கள்?

விமானிகள் அனைவரும் நிரபராதிகள் என்று நாம் வாதிக்க வரவில்லை. 2010ஆம் வருஷம் ஜூலை 28ந் தேதி இஸ்லாமாபாத்துக்கருகே மார்கல்லா மலையில் மோதிய ஏர்புளூ விமானத்துக்குக் கோபுரம் திரும்பும்படி சொன்னது. விமானத்திலிருந்த கருவியே தரை நெருங்குகிறதென்று கூவிற்று. துணை விமானியும் சொன்னார். ஒருவர் சொல்லும் ஏறவில்லை. 152 பேர் போயினர். இறுதி அதிகாரத்தை இறுதிவரை காது கொடாமல் இருக்கும் உரிமையென்று எண்ணுகிறவர் விமானி ஆசனத்தில் அமரத் தகுதியற்றவர்.

சென்ற காலத்துச் செய்திகளை நாம் கிளறுவதாக நினைக்க வேண்டாம். 2025ஆம் வருஷம் மே 21ந் தேதி டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குச் சென்ற இண்டிகோ விமானம் 220க்கு மேற்பட்டவர்களுடன் பதான்கோட்டுக்கருகே ஆலங்கட்டிப் புயலை எதிரே கண்டது. இடப்புறம் எல்லையை நோக்கி விலக, விமானி விமானப்படையின் கட்டுப்பாட்டு நிலையத்தை அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. லாகூரைக் கேட்டார், அங்கும் கிடைக்கவில்லை. புயலுக்குள்ளே புகுந்து, ஒரு கட்டத்தில் நிமிஷத்துக்கு 8,500 அடி வேகத்தில் விமானம் விழுந்தது. மூக்கு சிதைந்து ஸ்ரீநகரில் பத்திரமாக இறங்கியது. அப்போது இரு தேசங்களும் ஒன்றுக்கொன்று வானத்தை அடைத்திருந்தன. படை அதிகாரிகளுக்குத் தங்கள் காரணம் இருந்தது. அதை மறுக்கவில்லை. ஆனால் அனுமதியில்லை என்ற பதிலோடு நிற்காமல், வலப்புறம் போகலாமா, திரும்பலாமா, எந்த வழி திறந்திருக்கிறது என்று மறுவாய்ச் சொல்லும் கடமையைக் கீழிருப்பவர்கள்மேல் விதியே சுமத்த வேண்டும்.

கோபுரத்திலிருப்பவர்களைக் கண்டிப்பது எளிது. அவர்கள் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஆட்கள் போதவில்லை, களைப்பு மிகுதி என்று 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டரி கமிட்டியே எழுதியது. அவ்வருஷம் நவம்பரில் டில்லியில் விமானச் செய்திகளை அனுப்பும் இயந்திரம் படுத்துவிட, 800க்கு மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. இதைப் பல மாதங்களுக்கு முன்பே எச்சரித்ததாகக் கோபுர அதிகாரிகளின் சங்கம் கூறிற்று. இதற்கிடையே உடான் திட்டத்தின்படி மலைநாடெங்கும் விமானங்கள் போகின்றன. சிக்கிமில் பாக்யோங் நிலையம் 2018ல் மலைச் சரிவிலே கட்டித் திறக்கப்பட்டது. நிலையம் திறக்க மந்திரிகள் வருகிறார்கள். ராடார் பழுதானால் யார் வருகிறார்கள்?

1974ஆம் வருஷ விபத்துக்குப் பின் அமெரிக்கர்கள் இரண்டு காரியங்கள் செய்தார்கள். தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் கட்டாயமாக்கினார்கள். விமானியும் கோபுர அதிகாரியும் தமக்கு நேர்ந்த பிசகுகளைத் தண்டனைக்கஞ்சாமல் எழுதியனுப்பும் ஏற்பாடொன்றை, விதி இயற்றும் இலாகாவிடம் விடாமல், நாசா என்னும் வேறொரு ஸ்தாபனத்தின் கையில் 1976ல் ஒப்படைத்தார்கள். முதலாவதை நாம் வாங்கிப் பொருத்திக்கொண்டோம். அது கடையில் கிடைக்கும் சரக்கு. இரண்டாவது நம்பிக்கையைப் பொறுத்தது. சம்பளம் தரும் இலாகாவுக்கே தன் பிசகை எழுதியனுப்ப எந்த உத்தியோகஸ்தர் துணிவார்?

1934ஆம் வருஷத்து விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதீய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1ந் தேதி முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. விதி செய்யும் அதிகாரம் சர்க்காரிடமே இருக்கிறது. தரையிலுள்ள பொருளை விமானம் இடித்ததற்கு அடையாளம் கண்டால், கருவி என்ன காட்டினாலும், அருகிலுள்ள தக்க நிலையத்தில் இறங்கியே தீரவேண்டுமென்று ஒரு விதி செய்யலாம். ராடார் பழுதான நாட்களில் மலையுச்சி நிலையங்களுக்கு வரும் விமானிகளுக்கு, இறக்கம் தாமதிக்கும் என்ற செய்தி புறப்படுமுன்பே எழுத்தில் போய்ச் சேரவேண்டும். புயல்மழையில் ஓடுபாதையின் முனையை மாற்றினால் காற்றின் திசையும் வேகமும் அதே மூச்சில் சொல்லப்பட வேண்டும். விபத்து விசாரணையை மந்திரியின் இலாகாவிலிருந்து பிரித்துப் பார்லிமெண்டுக்கு நேரே பொறுப்புள்ளதாக்க வேண்டும். திருச்சி, புதுக்கோட்டைப் பிரதேசத்தின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் புதிய விமானத் தடங்கள் கேட்டு மனுக் கொடுப்பதில் சளைத்தவர்களல்லர். அடுத்த கூட்டத்தில், 2018 அக்டோபர் 12ந் தேதி இரவு திருச்சிக் கோபுரத்துக்கும் அந்த விமானத்துக்கும் நடந்த பேச்சுக்குப் பிறகு எந்த விதி மாற்றப்பட்டது என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் மந்திரியிடம் போடட்டும்.